சிக்கனமாக இருந்தும் கார்டு கடன் குறையவில்லையா? இந்தத் தவறுகளைப் பாருங்கள்

கடையில் டீ குடிப்பதை நிறுத்தியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை வீட்டிலேயே செய்கிறோம், ஓடிடி சந்தாவும் போயிற்று, ஆனாலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கிரெடிட் கார்டு பில்லில் நிற்கும் தொகை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இப்படிச் சொல்பவர்கள் என்னைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டிலும் இதே நிலைதான், இரண்டு கார்டுகளில் சேர்த்து 1,60,000 ரூபாய் நின்றது. செலவைக் குறைத்துக்கொண்டுதான் இருந்தோம். குறைத்த பணம் கார்டுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

முதல் தவறு, கார்டைத் தேய்த்துக்கொண்டே கடனை அடைக்கப் பார்ப்பது. வாங்கிய நாளிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதெல்லாம் பில்லை முழுதாகக் கட்டும் வரைக்கும்தான். ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், அதற்குப் பிறகு வாங்கும் அரை லிட்டர் பாலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து வைத்திருப்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மளிகைக் கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து 80 ரூபாய் கொடுக்கும்போது அது கடன் என்றே மனதில் படாது. அந்த இணைப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களையும் அழித்துவிடுங்கள். வங்கியின் ஆப்பில் ஆன்லைன் செலவுகளை அணைத்து வைக்கும் வசதி இருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள்.

வட்டி எப்படி ஓடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்கே பெரும்பாலான கார்டுகளில் மாதத்துக்கு 3 முதல் 3.75 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 36 முதல் 45 வரை, அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. ஜூன் 1ஆம் தேதி 30,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள், ஜூலை 10 கடைசித் தேதி, அன்றைக்கு 29,000 கட்டிவிட்டு "1,000தானே பாக்கி, அதற்கு என்ன பெரிய வட்டி வந்துவிடும்" என்று இருக்கிறீர்கள். ஆனால் வட்டி போடுவது முழு 30,000 ரூபாய்க்கும், வாங்கிய நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்கும். மாதம் 3.5 விழுக்காடு என்றால் 39 நாளுக்குச் சுமார் 1,346 ரூபாய், ஜிஎஸ்டி 242. பாக்கி வைத்ததே 1,000 ரூபாய்தான்! கையில் அந்த 1,000 இல்லையென்றால் தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கியாவது பில்லை முழுதாகக் கட்டிவிடுவது நல்லது.

மினிமம் டியூவை, அதாவது பில்லில் குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்டுங்கள் என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் கட்டுவது தவறு என்று எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு பெரிய தவறு என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1,00,000 ரூபாய் பாக்கிக்கு அதே 3.5 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி 3,500, ஜிஎஸ்டி 630, ஆக 4,130. பல வங்கிகள் கேட்கும் 5 விழுக்காடு, அதாவது 5,000 ரூபாயைக் கட்டினால் அசலில் குறைவது 870தான். அதே கடனுக்கு மாதம் 8,000 கட்டினால் முடிய 18 மாதம் ஆகும், 10,000 கட்டினால் பதின்மூன்று பதினான்கு மாதத்தில் முடிந்துவிடும், மொத்தத்தில் ஏறக்குறைய 12,000 ரூபாய் மிச்சம். மாதம் இன்னும் 2,000 ரூபாயை எங்கிருந்து எடுப்பது என்பதற்குத்தான் வீட்டுச் செலவைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நாங்கள் தவறினோம். வெளியில் சாப்பிடாமல் 400 ரூபாய் மிச்சம் பிடித்தால் அது வங்கிக் கணக்கிலேயே கிடக்கும், மாதக் கடைசியில் மொத்தமாக எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்போம், மாதக் கடைசியில் பார்த்தால் கேஸ் சிலிண்டர், பைக் சர்வீஸ், யாரோ ஒருவர் வீட்டு விசேஷம் என்று அது கரைந்து போயிருக்கும். நம் அம்மாக்கள் அஞ்சறைப்பெட்டியில் பணத்தைப் போட்டு வைத்தது சும்மா இல்லை, கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால் அந்தப் பணம் தங்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் நாங்கள் ஒரு பழக்கத்துக்கு வந்தோம். எதையாவது வேண்டாம் என்று விட்டால், அந்தத் தொகையை அன்று இரவே கார்டுக்கு அனுப்பிவிடுவோம், 150 ரூபாயாக இருந்தாலும் சரி. சுவிக்கியில் ஆர்டர் போடப் போய் வேண்டாம் என்று வீட்டில் தோசை ஊற்றிவிட்டால் 350 ரூபாய் கார்டுக்கு. ஆட்டோவுக்குப் பதில் பஸ்ஸில் போனால் 120 ரூபாய் கார்டுக்கு. வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் சீக்கிரம் கட்டினால் கொஞ்சம் குறையும், ஆனால் அது சில ரூபாய்தான். அந்தப் பணம் வேறு எதற்கும் போக முடியாமல் ஆவதுதான் பெரிய லாபம். முதல் மாதமே இப்படி 3,700 ரூபாய் போய்ச் சேர்ந்தது, அதற்கு முன்பும் அதே அளவுக்குத்தான் மிச்சம் பிடித்திருப்போம் என்று நினைக்கும்போது இன்னும் மனது வலிக்கிறது.

இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பில் வந்த பிறகு கட்டும் பணம்தான் அந்த பில்லின் மினிமம் டியூவில் சேரும், முன்னாடி அனுப்பியது பாக்கியை மட்டும் குறைக்கும். ஆகவே மினிமம் டியூவுக்கு ஆட்டோ டெபிட் போட்டு வையுங்கள், சில்லறைப் பணத்தை அதற்கு மேல் நீங்களாக அனுப்பிக்கொண்டே இருங்கள்.

அடுத்து, பட்ஜெட்டை ஒரு மாதத்துக்கு மட்டும் போடுவது. வாடகை, மளிகை, பால், கரண்ட், பெட்ரோல் எல்லாம் எழுதிவிடுவோம். ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும், ஆடித் தள்ளுபடி வரும், தீபாவளிக்கு நான்கு பேருக்குத் துணி, வண்டி இன்சூரன்ஸ், முகூர்த்த மாதங்களில் மொய். மொய்யை மட்டும் ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். இவை எதுவும் திடீர்ச் செலவே இல்லை, தீபாவளி எந்த மாதம் வரும் என்று ஜனவரியிலேயே காலண்டரில் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அது கார்டில்தான் போய் ஏறுகிறது, ஆறு மாதம் பாடுபட்டு அடைத்தது ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. வருடத்துக்கு இதெல்லாம் 48,000 ஆகிறது என்றால் மாதம் 4,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். கடன் இருக்கும்போது தனியாக எடுத்து வைப்பது தப்பு மாதிரித் தோன்றும். எடுத்து வைக்காவிட்டால் கார்டு மறுபடியும் வெளியே வரும், அதனால்தான் சொல்கிறேன்.

ஒரேயடியாகக் கயிற்றை இறுக்குவதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஐஸ்கிரீம்கூட இல்லை என்று வைத்தால் மூன்றாவது மாதம் வீட்டில் எல்லாரும் சேர்ந்து அதை உடைத்துவிடுவார்கள். வீட்டில் சொல்லாமல் தனியாக அடைக்கப் பார்ப்பதும் இதே இடத்தில்தான் முடியும். கணவனோ மனைவியோ, தொகையைச் சொல்லிவிடுங்கள், அந்த ஒரு ராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த நாளிலிருந்து இரண்டு பேர் அடைக்கிறீர்கள்.

சேமிப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு கார்டுக்கு வட்டி கட்டுவது இன்னொன்று. பிக்சட் டெபாசிட்டில் ஆறு ஏழு விழுக்காடு வருகிறது என்று அதைப் பத்திரமாக வைத்துவிட்டு நாற்பதுக்கு மேல் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாதச் செலவுக்கானதை வைத்துக்கொண்டு மீதியை உடையுங்கள். நகையை அடகு வைப்பதைப் பலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். வங்கியில் ஆண்டுக்கு 10 விழுக்காட்டில் 1,00,000 ரூபாய் நகைக் கடன் கிடைத்தால் மாத வட்டி 833 ரூபாய், கார்டில் அதே தொகைக்கு 4,130. ஆனால் நகையை வைத்துக் கார்டைக் காலியாக்கிய பிறகு, லிமிட் முழுதாகத் திறந்து கிடக்கிறதே என்று மறுபடியும் தேய்த்தால் இரண்டு கடன் ஆகிவிடும், நகையும் போய்விடும். கார்டை அணைக்க மனம் வராதவர்கள் நகையை எடுக்காதீர்கள்.

கார்டில் ஏடிஎம் பணம் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவது, கடன் ஆப்கள், கந்துவட்டி, இவை பக்கமே போக வேண்டாம். செட்டில்மென்ட் என்று வங்கி பாதித் தொகையில் முடித்துக்கொள்ளக் கூப்பிட்டாலும் யோசியுங்கள், நாம் கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று பதிவாகும், பிறகு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடைசித் தவறு, முடிந்துவிட்டது என்று நினைத்து பில்லைப் பார்க்காமல் விடுவது. பாக்கி முழுவதையும் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் ஒரு சின்னத் தொகை வரும், முந்தைய பில் வந்த நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. எங்களுக்கு 1,212 ரூபாய் வந்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். அதையும் கட்டிவிட்டு, பூஜ்யம் என்று ஒரு பில் வரும் வரை காத்திருங்கள். அப்புறம் கார்டு வேண்டாம் என்றால் எழுதிக் கொடுங்கள், 7 வேலை நாளுக்குள் வங்கி அதை மூட வேண்டும், தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.