தமிழ்க் காதை வைத்தே ஆங்கில எச்சவினையைப் பிடிக்கலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில், 'ஐ என்ஜாய் டு ரீட்' என்ற பிழையை அடிக்கடி காண்கிறேன். காலத்தையும் எழுவாயையும் காட்டி வாக்கியத்தை முடிப்பது முற்றுவினை. அவ்வாறு முடிக்காமல் இன்னொரு வினையைச் சார்ந்து நிற்பது எச்சம். தமிழ் இலக்கணத்தில் படித்த இந்த வேறுபாடே 'டு ரீட்', 'ரீடிங்' போன்ற ஆங்கில எச்ச வடிவங்களுக்கும் கைகொடுக்கும்.

ஐயம் எழுந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'படிக்க விரும்புகிறேன்' என்று 'செய' வாய்பாட்டில் வந்தால் பெரும்பாலும் 'வாண்ட் டு ரீட்' என்றும், 'படிப்பதை ரசிக்கிறேன்' என்று தொழிற்பெயர் போல வந்தால் 'என்ஜாய் ரீடிங்' என்றும் எழுதலாம். இந்தச் சோதனை மிக அழகாகப் பலிப்பது 'ஸ்டாப்' என்ற வினையில்தான்: பால்மரம் (ரப்பர்) வெட்டிக்கொண்டிருந்தவர் தேநீர் குடிக்க வேலையை நிறுத்தினால் 'ஸ்டாப்டு டு ட்ரிங்க்', தேநீர் குடிக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டால் 'ஸ்டாப்டு ட்ரிங்கிங்'.

ஆனால் 'எழுதி முடித்தேன்' என்பதில் 'எழுதி' இந்த இரண்டு வடிவங்களிலும் சேராததால், இந்தச் சோதனை உதவாது. 'ஃபினிஷ்', 'அவாய்ட்', 'சஜெஸ்ட்' ஆகியவற்றுக்குப் பின் 'இங்' வடிவமே வரும் என்று மனப்பாடம் செய்வதே நல்லது. 'கேன்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகளை அடுத்து 'டு' சேர்க்கக் கூடாது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு' வேற்றுமை உருபு போன்ற முன்னிடைச்சொல் என்பதால், அதன் பின் 'மீட்' வராது, 'மீட்டிங்' என்றே வரும்.