கேமராவைத் தொடாமல் வேலைமேசையைப் படமெடுக்க: ஜிபோட்டோ2 செய்முறை

பழைய கேசட் பிளேயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஒரு படம் எடுத்து வைப்பது என் வழக்கம். பெல்ட் எந்தச் சக்கரத்தைச் சுற்றிப் போனது, எந்த ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்பதெல்லாம் இரண்டு நாள் கழித்து நினைவில் நிற்காது. ஆனால் கையெல்லாம் கிரீஸ். கையைத் துடைத்து, எழுந்து, ட்ரைபாடில் இருக்கும் கேமராவை அழுத்தினால் அது லேசாக அசைந்துவிடும். மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டும். பத்துப் படத்துக்கு மேல் பொறுமை இல்லாமல் நடுவில் சிலவற்றை விட்டுவிட்டேன். விட்ட அந்த இடத்தில்தான் ஒரு லீவர் எப்படி உட்கார்ந்திருந்தது என்று தெரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது.

அதன் பிறகுதான் கேமராவை யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, அங்கிருந்தே ஷட்டரை இயக்கப் பழகினேன். இப்போது மேசைக்கு அடியில் இருக்கும் மிதியைக் காலால் அழுத்தினால் படம் எடுக்கப்பட்டுத் திரையில் வந்து நிற்கிறது. இரண்டு கையும் வேலையிலேயே இருக்கின்றன. நான் பயன்படுத்துவது லினக்ஸ். கருவி, ஜிபோட்டோ2 என்ற இலவசமான திறமூல மென்பொருள்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்பை வைத்துத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) ஆங்கிலத்தில், பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடங்களைத் தவிர மற்றதைச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டில் சந்தேகம் வந்தால் ஜிபோட்டோ2 --ஹெல்ப் என்று கொடுங்கள், அதன் தெரிவுகள் எல்லாம் வரிசையாக வரும்.

உங்கள் கேமரா ஒத்துழைக்குமா?

டிஜிட்டல் கேமராக்கள் பெரும்பாலும் பிடிபி என்ற நெறிமுறையில் கம்ப்யூட்டரோடு பேசுகின்றன. அது ஐஎஸ்ஓ 15740 என்று தரப்படுத்தப்பட்ட ஒன்று. ஜிபோட்டோ2 இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களை அடையாளம் காணும். ஆனால் அடையாளம் காண்பது வேறு, ஷட்டரை இயக்குவது வேறு. சட்டைப்பையில் வைக்கிற சிறிய கேமராக்கள் பலவற்றில் கார்டில் உள்ள படங்களை இறக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கேமராவை இணைத்து --அபிலிட்டீஸ் கொடுத்துப் பாருங்கள். படமெடுப்பது பற்றிய வரியில் இமேஜ் என்று இருந்தால் வேலை நடக்கும். கேனான், நிகான் டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் இதற்கு மிகவும் ஒத்துவரும். எங்கேயோ அலமாரியில் கிடக்கும் பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சோனியில் யூஎஸ்பி மெனுவில் பிசி ரிமோட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேனான் பவர்ஷாட் வகைச் சிறிய கேமரா மட்டும்தான் இருக்கிறது என்றால் சிஎச்டிகே என்ற வேறு வழி உண்டு. எஸ்டி கார்டிலிருந்து ஏறும் கூடுதல் மென்பொருள் அது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

விண்டோஸ்காரர்கள் டிஜிகேம்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வெளிச்சம், ஃபோகஸ் பற்றிச் சொல்வது உங்களுக்கும் பொருந்தும்.

கேமராவைத் தயார் செய்தல்

மோட் டயல் எம்-இல் (மேனுவல்) இருக்கட்டும். லென்ஸில் உள்ள ஃபோகஸ் பொத்தானை மேனுவலுக்குத் தள்ளுங்கள். ஆட்டோ ஃபோகஸில் விட்டால், வெள்ளை பிளாஸ்டிக் மூடி போன்ற ஒன்றைப் பார்த்ததும் கேமரா ஃபோகஸ் கிடைக்காமல் தடுமாறி, ஷட்டரையே திறக்க மறுத்துவிடும். டெர்மினலில் படமெடுக்க முடியவில்லை என்ற பிழை மட்டும் வரும். பழுது எங்கோ மென்பொருளில் இருக்கிறது என்று தேடிப் போவீர்கள்.

தானாக அணைந்துவிடும் வசதியை நிறுத்துங்கள். வைஃபை இருந்தால் அதையும் நிறுத்துங்கள், சில கேமராக்களில் வைஃபை இயங்கும்போது யூஎஸ்பி வேலை செய்யாது. கேபிள் தரவையும் கடத்தக்கூடியதாக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது. நேராக கம்ப்யூட்டரின் துளையில் செருகுங்கள், நடுவில் ஹப் வேண்டாம்.

நிறுவி, கண்டுபிடிக்கச் சொல்லுதல்

உபுண்டு, டெபியன் வகை லினக்ஸ் என்றால் ஏபிடி என்ற நிறுவும் கருவி வழியாக ஜிபோட்டோ2-ஐ நிறுவலாம். மேக்கில் அதே வேலைக்கு ஹோம்ப்ரூ. அப்புறம் கேமராவை இணைத்து, சுவிட்சைப் போட்டு,

ஜிபோட்டோ2 --ஆட்டோ-டிடெக்ட்

என்று கொடுங்கள். கேமராவின் பெயர் ஒரு வரியில் வரும். வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்: பிழை எண் -53

கேமராவின் பெயர் அழகாக வந்தது. உற்சாகமாக --கேப்சர்-இமேஜ் கொடுத்தேன். யூஎஸ்பி சாதனத்தைப் பிடிக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி, கூடவே -53 என்ற எண். கேபிளை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினேன். அனுமதிச் சிக்கலாக இருக்கும் என்று நினைத்து முன்னால் சூடோ (நிர்வாகியின் உரிமையோடு கட்டளையை இயக்கும் சொல்) சேர்த்தும் பார்த்தேன். அதுவும் உதவவில்லை. தயவுசெய்து சூடோ பக்கம் போகாதீர்கள். பின்னால் எல்லாம் சரியான பிறகும் அந்தப் பழக்கத்தில் சூடோ போட்டே படம் எடுத்தேன். படங்கள் எல்லாம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் சேமிக்கப்பட்டு, என்னாலேயே அவற்றை நகர்த்த முடியாமல் போனது.

காரணம் இதுதான். கேமராவின் யூஎஸ்பி இணைப்பை ஒரு நேரத்தில் ஒரே ஒரு மென்பொருள்தான் கையில் வைத்திருக்க முடியும். நீங்கள் கேமராவைச் செருகியதுமே, உள்ளே இருக்கும் படங்களைக் காட்டலாம் என்று டெஸ்க்டாப் (ஜன்னல்களையும் சின்னங்களையும் காட்டும் மென்பொருள்) அதை எடுத்துக்கொள்கிறது. ஃபைல் மேனேஜரின் இடது பக்கத்தில் கேமராவின் சின்னம் தெரிகிறதே, அதுதான் அடையாளம். பெயரைக் கண்டுபிடிக்க இணைப்பு தேவையில்லை, அதனால் முதல் கட்டளை வேலை செய்கிறது. படமெடுக்க இணைப்பு வேண்டும், அது ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது. இரண்டு கட்டளைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு புரிந்திருந்தால் நான் கேபிளையே சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்.

உடனடித் தீர்வு: ஃபைல் மேனேஜரில் அந்தச் சின்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியேற்றும் குறியை அழுத்துங்கள். கேபிளைப் பிடுங்க வேண்டாம். இப்போது --கேப்சர்-இமேஜ் கொடுத்தால் ஷட்டர் சத்தம் கேட்கும்.

ஆனால் கேமராவை அணைத்து மீண்டும் இயக்கினால் டெஸ்க்டாப் மறுபடி பிடித்துக்கொள்ளும். வேலைமேசையில் நிரந்தரமாக வைத்திருக்கும் கேமராவுக்கு நிரந்தரத் தீர்வே நல்லது. க்னோம் போன்ற டெஸ்க்டாப்களில் இதைச் செய்வது ஜிவிஎஃப்எஸ்-ஜிபோட்டோ2-வால்யூம்-மானிட்டர் என்ற பின்னணிச் சேவை. சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு --யூசர், மாஸ்க், அப்புறம் அந்தச் சேவையின் பெயர் கொடுத்து முடக்கிவிட்டு, ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள். பிறகு எப்போதாவது ஃபைல் மேனேஜரில் கேமரா தெரிய வேண்டும் என்றால் மாஸ்க் இருந்த இடத்தில் அன்மாஸ்க் போதும்.

மேக்கில் இதே வேலையைப் பழைய பதிப்புகளில் பிடிபிகேமரா என்ற நிரலும், புதியவற்றில் பிடிபிகேமராடி என்ற நிரலும் செய்கின்றன. புதியது, நிறுத்தினாலும் உடனே எழுந்துவிடும். நிறுத்திய கையோடு ஜிபோட்டோ2 ஓட வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே வரியில் அடுத்தடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிச்சமும் அமைப்புகளும்

--லிஸ்ட்-கான்ஃபிக் கொடுத்தால் உங்கள் கேமராவில் மாற்றக்கூடிய எல்லாம் வரும். பெயர்கள் கேமராவுக்குக் கேமரா மாறும்: லென்ஸ் துளையின் அளவுக்குக் கேனானில் அப்பர்ச்சர், நிகானில் எஃப்-நம்பர். எதையாவது மாற்றும் முன் --கெட்-கான்ஃபிக் கொடுத்து, அது எந்தெந்த மதிப்புகளை ஏற்கும் என்று பாருங்கள். மாற்றும்போது --செட்-கான்ஃபிக் என்று சுருக்கமாக எழுதாமல் --செட்-கான்ஃபிக்-வேல்யூ என்று முழுதாக எழுதுவதே என் பழக்கம். சுருக்கமானதில் 5 என்று கொடுத்தால் அது ஐந்து விநாடியா, பட்டியலில் 5 என்ற எண்ணில் இருக்கும் மதிப்பா என்ற குழப்பம் வரும்.

நான் வைத்திருப்பது: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, துளை எஃப்8 அல்லது எஃப்11, ஷட்டர் கால் விநாடி. மேசையில் எதுவும் ஓடவில்லை, அதனால் மெதுவான ஷட்டருக்குப் பயப்பட வேண்டாம். மெதுவாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்றால் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. வேகமான ஷட்டரில் ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும், சில நேரம் பட்டை பட்டையாகவும் வரும். கால் விநாடியில் அந்தத் துடிப்புகள் எல்லாம் சேர்ந்து சமமாகிவிடும்.

துளையை எஃப்22 வரை சுருக்கினால் எல்லாமே கூர்மையாக வரும் என்று தோன்றும். வராது. ஒளி சிறிய துளையில் சிதறி, படம் முழுக்க மெலிதாகக் குழையும். கிட்டத்தில் எடுக்கும்போது இது இன்னும் மோசம்: பொருளின் அசல் அளவே சென்சாரில் விழும் அளவுக்கு நெருங்கினால், எஃப்11 என்று வைத்தது எஃப்22 போல நடந்துகொள்ளும்.

ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் விளக்கையும் கலக்காதீர்கள். ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளில் பழுப்பையும் சிவப்பையும் படத்தில் பிரித்துப் பார்க்க முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

கேமராவைத் தாங்கும் கையை வேலைமேசையிலேயே பொருத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கும் அதிர்வே கால் விநாடிப் படத்தைக் கெடுத்துவிடும். சுவரில் பொருத்துங்கள், அல்லது தரையில் நிற்கும் தனி ஸ்டாண்டில் வையுங்கள்.

படமெடுத்து, பெயரிட்டு, இறக்குதல்

அன்றாடம் நான் பயன்படுத்துவது --கேப்சர்-இமேஜ்-அண்ட்-டவுன்லோட். எடுத்த படத்தை அப்போதே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்துவிடும். கார்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்றால் --கீப் சேர்க்கலாம். கேனானில் அதற்கு முன் கேப்சர்டார்கெட் என்ற அமைப்பை மெமரி கார்டு என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் படம் கேமராவின் உள்நினைவகத்தில் மட்டும் தங்கி வரும்.

--ஃபைல்நேம் சேர்த்துப் பெயரில் நேரத்தை வையுங்கள். விழுக்காட்டுக் குறியைத் தொடர்ந்து ஒவ்வொரு எழுத்து: ஆண்டுக்குப் பெரிய ஒய், மாதத்துக்குச் சிறிய எம், நாளுக்குச் சிறிய டி, மணிக்குப் பெரிய எச், நிமிடத்துக்குப் பெரிய எம், நொடிக்குப் பெரிய எஸ். இரண்டு எம்-களையும் மாற்றிப் போட்டால் படங்களின் வரிசை கலைந்துவிடும். கழற்றிய வரிசையே முக்கியமான வேலையில் அது பெரிய இழப்பு, கவனமாக அடியுங்கள்.

காலால் அழுத்துவது

யூஎஸ்பி மிதி என்பது ஒரே ஒரு விசை உள்ள கீபோர்டுதான். அது அனுப்பும் விசையை டெஸ்க்டாப்பின் குறுக்குவிசை அமைப்பில், படமெடுக்கும் கட்டளையை எழுதிவைத்த சிறிய கோப்பான உங்கள் ஸ்கிரிப்ட்டோடு இணைத்துவிட்டால் முடிந்தது. மற்ற வேலைகளில் பயன்படாத எஃப்9 போன்ற விசையாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஜிபோட்டோ2 புதிதாகத் தொடங்கினால், கேமராவோடு பேச்சைத் தொடங்கவே சற்று நேரம் எடுக்கும். அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. படமெடுக்கும் கட்டளையோடு --இன்டர்வல் சேர்த்து, அதற்கு -1 கொடுத்து ஓடவிடுங்கள். அது இணைப்பைக் கையில் வைத்தபடி காத்திருக்கும். மிதி இயக்கும் ஸ்கிரிப்ட், ஓடும் நிரலுக்குச் சைகை அனுப்பும் கில் கட்டளையால் யூஎஸ்ஆர்1 சிக்னலை மட்டும் அனுப்பினால் போதும், உடனே ஷட்டர் திறக்கும்.

டெர்மினலே பிடிக்காது என்பவர்களுக்கு என்டாங்கிள் நல்ல மென்பொருள், முன்னோட்டமும் அதிலேயே தெரியும். டார்க்டேபிளிலும் கேமராவை இணைத்துப் படமெடுக்கும் பகுதி உண்டு. ரா படங்களை (சென்சார் பதிவுசெய்த மூலத் தரவு) திருத்துபவர்களுக்கு அது வசதி. எனக்கு மிதி முக்கியம் என்பதால் கட்டளை வழியே நிற்கிறேன்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர், முதல் படம் வருகிறது, அதன் பிறகு மிதியை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை என்று எழுதினார். கேட்டுப் பார்த்ததில், அவர் கேமரா ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து எடுக்கும்படி இருந்தது. கோப்பின் பெயரை ஜேபெக் என்று நிலையாக முடித்திருந்தார். இரண்டாவது கோப்பும் அதே பெயரில் வர, மேலெழுதட்டுமா என்று ஜிபோட்டோ2 கேட்டுவிட்டுக் காத்திருந்தது. ஸ்கிரிப்ட் பின்னணியில் ஓடியதால் அந்தக் கேள்வி அவர் கண்ணில் படவே இல்லை. பெயரின் முடிவில் புள்ளி வைத்து, விழுக்காட்டுக் குறியும் பெரிய சி-யும் போடுங்கள். கோப்பின் வகைக்கேற்ற முடிவை அதுவே போட்டுக்கொள்ளும்.

இன்னொருவருக்கு இணைப்பு அடிக்கடி அறுந்தது. கூரையில் கேமராவை மாட்டி, நீட்டிப்புக் கேபிள்களைச் சேர்த்துச் சேர்த்து எட்டு மீட்டர் ஓட்டியிருந்தார். யூஎஸ்பி 2.0 சாதாரணக் கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே சிக்னலைப் பெருக்கும் சில்லு உள்ள ஆக்டிவ் கேபிளை வாங்குங்கள். அவர் கம்ப்யூட்டரை மேசைக்கு அருகே நகர்த்திவிட்டு ஒற்றைக் கேபிளில் இணைத்தார், அதன் பிறகு அறுபடவில்லை.