எலி இல்லாத குழியிலும் நொதி!

சுண்டெலிக் கல்லீரலில் ஒரு நொதியை அளக்க போட்டிமுறை எலைசா கிட் (ஆன்டிபாடி ஒட்டுவதை நிறமாகக் காட்டும் சோதனை). எல்லா மாதிரியிலும் அளவு எகிறியது. கட்டுப்பாட்டு எலிக்கும் மருந்து கொடுத்த எலிக்கும் வித்தியாசமே இல்லை. அளவு தெரிந்த கரைசல்களை வைத்துப் போடும் ஸ்டாண்டர்டு வளைகோடு மட்டும் அழகாக வந்தது. பிப்பெட்டைச் சரிபார்த்தேன், கழுவுவதை 3 முறையிலிருந்து 5 ஆக்கினேன், புது கிட்டும் பிரித்தேன். நான்கு நாள் போனது.

அப்புறம் 10 மடங்கு நீர்த்துப் போட்டேன். அளவு பத்தில் ஒன்றாகவில்லை, ஏறக்குறைய காணாமலே போனது. அங்கேதான் சந்தேகம். திசுவை அரைத்த ரிப்பா பஃபரை (செல்லை உடைக்கும் சோப்புக் கரைசல்) மட்டும், எலியே இல்லாமல், எலைசா தட்டின் ஒரு குழியில் விட்டேன். ஸ்டாப் கரைசல் ஊற்றியதும் வெளிறிய மஞ்சள்தான். போட்டிமுறையில் நிறம் குறைந்தால் நொதி அதிகம் என்று அர்த்தம். ஆக வெறும் பஃபருக்கே 'நொதி' நிறைய! அதிலுள்ள 0.1% எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் ஆன்டிபாடி ஒட்டுவதையே கெடுத்திருக்கிறது. நிறம் கூடினால் நொதி அதிகம் என்று காட்டும் சாண்ட்விச் முறையாக இருந்தால் அளவு குறைந்திருக்கும், முன்பே விழித்திருப்பேன்.

மீதமிருந்த திசுவைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (சோப்பில்லாத உப்புக் கரைசல்) அரைத்து, இருமுறை உறையவைத்து உருக்கி, சுழற்றித் தெளிந்த நீரை எடுத்தேன். வெறும் பிபிஎஸ் விட்ட குழி அடர்மஞ்சள். இரு குழுக்களும் பிரிந்து நின்றன. அப்பாடா.