மூக்கு, சைனஸ் கேன்சருக்கு ரேடியேஷனா? முதல்ல பயாப்ஸி ரிப்போர்ட்ல கட்டியோட பேரைப் பாருங்க

மூக்குலயோ சைனஸ்லயோ கேன்சர்னு சொன்னதும் எல்லாரும் எத்தனாவது ஸ்டேஜ்னுதான் கேக்குறாங்க, அது முக்கியம்தான், ஆனா இந்த இடத்துல கட்டி எந்த வகைங்கிறதும் அதே அளவு முக்கியம், ஏன்னா ஒரே இடத்துல ஒரே சைஸ்ல இருக்குற ரெண்டு கட்டியில ஒண்ணு ரேடியேஷனுக்கு மளமளன்னு கரையும், இன்னொண்ணு அசையவே யோசிக்கும்.

பேரு உறுதியான்னு முதல்ல கேளுங்க. இங்க வர்ற கட்டிங்க நிறைய மைக்ராஸ்கோப்ல ஒண்ணு போலவே தெரியும், அதனால பயாப்ஸில எடுத்த சதையோட ஸ்லைடு (கண்ணாடித் தகடு), பிளாக் (மெழுகுக் கட்டி) ரெண்டையும் வாங்கி இந்த வகைகளைப் பாத்துப் பழகின பெத்தாலஜிஸ்ட்கிட்ட, அதாவது சதையை மைக்ராஸ்கோப்ல பாத்து வகை சொல்ற டாக்டர்கிட்ட, இன்னொரு தடவை காட்டுறதுல தப்பே இல்ல.

அதிகமா வர்றது ஸ்க்வாமஸ் செல், அதாவது உள்பக்க மேல்தோல் செல்லுல வர்ற கேன்சர். பெரும்பாலும் ஆபரேஷன் பண்ணிட்டு 60லேர்ந்து 66 கிரே (கிரேங்கிறது ரேடியேஷன் அளவு), 30 - 33 சிட்டிங்கா பிரிச்சுக் குடுப்பாங்க, ஆறு, ஆறரை வாரம் ஓடும். ஓரத்துல கட்டி மிச்சம் இருந்தா கூடவே கீமோவும் வரலாம்.

லிம்போமான்னா, அதாவது நோய் எதிர்ப்பு செல்லுல வர்ற கேன்சர்னா, கதையே வேற, பெரிய ஆபரேஷன் தேவையில்ல. அதுல என்கே/டி செல்ங்கிற வகை ஆரம்ப ஸ்டேஜ்ல இருந்தா 50 கிரே பக்கம் ரேடியேஷன், கூட கீமோ, நல்லாவே கேக்கும்.

அடினாய்டு சிஸ்டிக்னு (சுரப்பியில வர்ற வகை) போட்டிருந்தா கொஞ்சம் நிதானமா உக்காந்து டாக்டர்கிட்ட பேசுங்க. இது மெதுவா வளரும், ஆனா நரம்பைப் புடிச்சுக்கிட்டே மண்டையோட்டு அடி வரைக்கும் ஊர்ந்து போகும், அதனால ரேடியேஷன் பிளான்ல அந்த நரம்புப் பாதையும் சேந்திருக்கான்னு கட்டாயம் கேளுங்க. அஞ்சு வருஷம் தாண்டிட்டோம்னு செக்கப்பை விட்டுடாதீங்க, பத்து வருஷம் கழிச்சுக்கூட நுரையீரல்ல தலைகாட்டும்.

நிறமி செல்லுல வர்ற மெலனோமால ரேடியேஷன் அந்த இடத்துல திரும்ப வர்றதைக் குறைக்கும், ஆனா உடம்புல வேற இடத்துக்குப் பரவுறதைத் தடுக்காது, இதை முன்னாடியே வெளிப்படையா பேசிக்கிறது நல்லது.

வாசனை நரம்புல வர்ற எஸ்தெசியோநியூரோபிளாஸ்டோமாக்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் சேந்தா பலன் நல்லாருக்கும், கழுத்து நெறிக்கட்டியை மட்டும் வருஷக்கணக்கா கவனிக்கணும். எஸ்என்யூசின்னு (எந்த செல்லுன்னு அடையாளம் தெரியாத சைனஸ் கேன்சர்) சொல்ற வேகமான வகைக்கு முதல்ல கீமோ குடுத்துப் பாத்து, நல்லா சுருங்கினா ஆபரேஷனுக்குப் பதிலா கீமோவோட ரேடியேஷன் குடுக்குறது உண்டு.

எந்த வகையா இருந்தாலும் கண்ணைப் பத்திக் கேளுங்க, பார்வை நரம்பு ஏறக்குறைய 54 கிரே வரைக்கும்தான் பயமில்லாம தாங்கும், கட்டிக்கு அதுக்கு மேல வேணும், அதனாலதான் கட்டிக்கு நிறைய, பக்கத்துல கம்மின்னு குடுக்குற ஐஎம்ஆர்டி, புரோட்டான் மாதிரி ரேடியேஷன் முறைங்களைப் பத்திப் பேச்சு வருது. மேல்தாடைப் பல்லையும் ரேடியேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டென்டிஸ்ட்கிட்ட காட்டிடுங்க, பின்னாடி பல்லு புடுங்கினா எலும்பு ஆறுறது ரொம்ப கஷ்டம்.