கொக்கலை முதல் றேஸ்கோர்ஸ் வரை: விமானக் கதை தேடி ஒரு நாள் பயணம் போடுவது எப்படி

இந்தப் பயணத்தில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். ஒரு வாவி, கம்பி வேலிக்குப் பின்னால் ஓர் ஓடுபாதை, ஓர் அருங்காட்சியகம், பெடியள் றக்பி விளையாடும் ஒரு மைதானம். சிகிரியாவைப் போல ஏறி நின்று படம் எடுக்க ஒன்றும் இல்லை. ஆகவே எந்த இடத்தில் யார் எதைச் சொல்வது என்று தீர்மானித்த பிறகுதான் வாடகைக்கு வான் பேச வேண்டும். நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அயலவர், பழைய மாணவர், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவள். கதை இல்லாமல் போனால் இது வெறும் வெயிலில் அலைச்சல்.

எல்லோரும் கொழும்பில் தொடங்கித் தெற்கே போகப் பார்ப்பார்கள். நான் அதை மறுத்துவிடுவேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய கதை, 1942 ஏப்ரல் 4ஆம் திகதி காலிக்கு அப்பால் கொக்கலையில் இருந்த கடல்விமானத் தளத்தில் தொடங்கி, மறுநாள் காலை கொழும்பில் வந்து வெடித்தது. பயணமும் அதே வழியில் வரட்டும். விடிய ஐந்து மணிக்குப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலடியில் ஏறினால், கொட்டாவையில் ஹைவே பிடித்து, வெலிப்பன்னையில் பிளேன்ரீயும் இடியப்பப் பார்சலும் முடித்து, இமதூவையில் இறங்கி அகங்கமைப் பக்கமாகக் கரைக்கு வரலாம். எட்டு மணிக்கு முன்பே வாவிக்கரையில் நிற்பீர்கள். திரும்பும்போது ஹைவே வேண்டாம், காலி வீதியால் வாருங்கள். கடல் இடக்கைப் பக்கம் வரும். அந்தப் பக்க யன்னல் யாருக்கு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சண்டை.

மாதம் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஏப்ரல் 4, 5 என்ற அந்தத் திகதிகளிலேயே போக ஆசை வரும், எனக்கும் வரும். ஆனால் சித்திரைப் புதுவருட நெருக்கம், வான்காரர் கேட்கும் காசு ஏறிவிடும், வீதியும் நிறைந்துவிடும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை.

கொக்கலைக்குப் போகுமுன் ஒரு கயிறு வெட்டி வையுங்கள். 104 அடி. கற்றலினா என்ற கடல்விமானத்தின் இறக்கைகள் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அவ்வளவு நீளம். 64ஆவது அடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், அது மூக்கிலிருந்து வால் வரை. வாவிக்கரையில் இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு நுனிகளையும் கொடுத்து விலகிப் போகச் சொன்னால், கயிறு விரிய விரிய மற்றவர்கள் வாயடைத்து நிற்பார்கள். அவ்வளவு பெரியது இந்தத் தண்ணீரில் வந்து இறங்கியது என்பது மனதில் பதிந்த பிறகுதான் கதையைத் தொடங்க வேண்டும்.

முதல் கதை லெனார்ட் பேர்ச்சலுடையது. கனடாக்காரர், 413ஆம் படையணி. கொக்கலைக்கு வந்து இரண்டு நாள் கூட ஆறவில்லை. 4ஆம் திகதி விடியமுன் ரோந்துக்குக் கிளம்பினார். பகல் முழுவதும் வெறும் கடல். பின்னேரம், இலங்கைக்குத் தெற்கே ஏறக்குறைய 400 மைல் தொலைவில், அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பல் படை. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு. வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. ஒன்பது பேரில் ஆறு பேர்தான் உயிர் தப்பினார்கள். 1945 வரை ஜப்பானில் கைதிகள். ஆனால் செய்தி கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதைச் சொல்ல நிதானமாகக் கதைக்கும் ஒருவரை முதலே பிடித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களிடம் மைக்கைக் கொடுத்தால் தெரியும்தானே.

இரண்டாவது கதையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். 1943இலிருந்து 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் அவுஸ்திரேலியாவின் பேர்த்திலிருந்து நேரே இந்த வாவிக்குக் கற்றலினா ஓட்டியது. 27 முதல் 33 மணித்தியாலம் வரை நிற்காமல் பறக்க வேண்டும். எரிபொருளின் பாரம் காரணமாகப் பயணிகள் மூன்று பேர்தான். ஜப்பானியரின் காதில் விழாதபடி வானொலியை மூடிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை பிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள்: அல்ற்றேர், வேகா, ரைஜல், அன்ராரஸ், ஸ்பைக்கா. அல்ற்றேர் நம்முடைய திருவோணம், அன்ராரஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. கூட்டத்தில் கேட்டை நட்சத்திரக்காரர் யார் என்று கேட்டுப் பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்தவரும் எழும்புவார். "அந்தப் பிளேன் இப்ப எங்க?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். போர் முடிந்ததும் ஐந்தையும் அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் அமிழ்த்திவிட்டார்கள் என்ற பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

வாவியில் படகு பிடிக்கலாம். உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஓடுபாதை விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது, வேலிக்கு உள்ளே போகக் கேட்க வேண்டாம், படமும் வேண்டாம். பக்கத்தில் நாட்டார் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. தளம் அமைப்பதற்காகக் கொக்கலைச் சனத்தை ஊரைவிட்டு எழுப்பினார்கள். அதிலே தப்பி நின்ற பழைய வீடொன்று அந்த வளவுக்குள் உண்டு. முக்கால் மணித்தியாலம் போதும்.

பத்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். காலிக் கோட்டையில் "பத்து நிமிஷம் மட்டும்" என்று கெஞ்சுவார்கள். இறங்கினால் நாள் போச்சு. சாப்பாட்டை இக்கடுவையிலோ அம்பலாங்கொடையிலோ ஒரு கடையில் முதல்நாளே சொல்லி வைத்தால் நேரம் மிச்சம். மரக்கறிச் சாப்பாடு எத்தனை என்று சரியாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் அந்த எண்ணிக்கை இரண்டு மடங்காகும்.

இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள், எல்லோரும் அடையாள அட்டை கொண்டு வர வேண்டும். 1935 நவம்பரில் இங்கே முதன்முதலாக வந்து இறங்கியது சென்னைப் பறத்தல் கழகத்தின் ஒரு சிறு விமானம். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் சேவையும் இங்கிருந்துதான், காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. பலாலிக்குப் பறந்த வயதானவர்கள் யாராவது கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் சும்மா இருங்கள்.

அங்கே உள்நாட்டுப் போரில் பறந்த விமானங்களும் நிற்கின்றன. சிலருக்கு அதைப் பார்க்க மனம் வராது. 1983 ஜூலையில் இதே விமான நிலையத்தில் அகதிகளாக இருந்தவர்கள் நம்மவர்கள். இதை நான் நிகழ்ச்சி நிரலில் போடுவதில்லை. யாராவது தானாகச் சொல்லத் தொடங்கினால், மணிக்கூட்டைப் பார்க்காமல் கேட்பேன். உள்ளே வர விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தாமல், வானிலே குளிரூட்டியைப் போட்டு இருக்கவிடும்படி சாரதியிடம் முதலே சொல்லி வையுங்கள்.

கடைசியாகக் கொழும்பு றேஸ்கோர்ஸ். போரின்போது குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள், ஜப்பானியருக்கு அது தெரியாது. 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. பேர்ச்சலின் செய்தியால் துறைமுகத்துக் கப்பல்கள் பலவற்றை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படி இருந்தும் காலை ஏழரை மணியளவில் விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை எச்சரிக்கை இல்லை; ராடார் பிடிக்கவில்லை. இரத்மலானையில் குண்டு விழ விழத்தான் பிரித்தானியரின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் எழும்பின. இந்தத் திடலிலிருந்து 258ஆம் படையணியின் 14 ஹரிக்கேன்கள் மேலே போயின, 9 அழிந்தன. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. வெயில் தாழ்ந்த பிறகு புல்தரையில் எல்லோரையும் இருத்திச் சொல்லுங்கள். சுற்றிவர உடற்பயிற்சி நடை போகிறவர்களும் நின்று கேட்பார்கள், பரவாயில்லை.

அங்கே வான் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். ரீட் மாவத்தையில் இறக்கிவிட்டு, கூப்பிட்டதும் வரச் சொல்லுங்கள்.

காசை ஒரு கிழமைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். சாரதியின் சாப்பாடு, ஹைவேக் கட்டணம், படகு, நுழைவுச் சீட்டு எல்லாம் தனித்தனியாக எழுதிக் காட்டினால் பேச்சு வராது. திருகோணமலைச் சீனன்குடாவையும் சேர்க்கச் சொல்லி ஒருவர் கேட்பார், ஏப்ரல் 9ஆம் திகதித் தாக்குதல் அங்கேதானே என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் அது இரவு தங்கிப் பார்க்க வேண்டிய வேறு பயணம். அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.