கல்லடிக் கடற்கரையில நிண்டு சாட்டலைட் வழியா இந்தோனேசியாவோட கதைக்கிறது எப்படி

ஒரு கையில சின்ன ஹேண்டி, அதாவது கையில பிடிக்கிற ரேடியோ செட், மற்றக் கையில மீட்டர் டேப் வெட்டிச் செய்த ஒரு அன்டெனா, இத வச்சு ஜகார்த்தாவோட கதைக்கலாம் எண்டு சொன்னா நம்மட ஆக்கள் சிரிக்கிறாங்க, ஜகார்த்தா நம்மளில இருந்து 3000 கிலோமீட்டருக்கு மேல, ஹேண்டி 5 வாட்ஸ்தான், ஆனா உண்மையாவே ஏலும், நான் மட்டக்களப்பில கல்லடிக் கடற்கரையில நிண்டு கதைச்சிருக்கன். அத எப்படிச் செய்யிறது, இன்னும் தூரம் போறது எப்படி, மறுகா இந்தச் சாட்டலைட்டெல்லாம் ஆர்ட காசில மேல போகுது, அதில நம்மட பங்கு என்ன எண்டு எல்லாத்தையும் எழுதுறன்.

முதல் விஷயம் லைசன்ஸ். கேக்கிறத ரிசீவர் ஒண்ட வச்சுப் பழகலாம், ஆனா மைக்க அமத்திக் கதைக்கோணும் எண்டா தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின்ர அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கா ரேடியோவில கதைக்கிறதுக்கான சோதினை பாஸ் பண்ணி, ரேடியோவில உங்கள அடையாளம் காட்டுற கோல்சைன் எடுக்கோணும், ட்ரான்ஸ்மிட் பண்ற செட்ட வாங்க முதலே அங்க விசாரிச்சுப் போட்டு வாங்குங்க. படிக்கிறதுக்கு ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்கா உதவி செய்யும். லைசன்ஸ் வந்ததும் அதில உங்களுக்கு எந்தெந்த பேண்ட் இருக்கு எண்டு வாசிச்சுப் பாருங்க, சாட்டலைட்டுக்கு 145 மெகாஹேர்ட்ஸ் பக்கமும் 435 மெகாஹேர்ட்ஸ் பக்கமும் ரெண்டும் வேணும்.

இப்ப நம்மட இடத்தின்ர அதிர்ஷ்டத்தச் சொல்லோணும். ஐஓ-86 எண்டு ஒரு சாட்டலைட், இந்தோனேசியாக்காரர் செய்தது, 2015 செப்டெம்பர் 28 ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து பிஎஸ்எல்வி ரொக்கெட்டில போனது, 650 கிலோமீட்டர் உயரம். மற்றச் சாட்டலைட் கனக்க வடக்கு தெற்கா ஓடும், ஒரு இடத்துக்கு மேலால நாளைக்கு நாலஞ்சு தரம் நல்லா வந்தாப் பெரிய விஷயம். இது அப்படியில்ல, பூமத்திய ரேகைய ஒட்டி மேற்கில இருந்து கிழக்குக்கு ஓடுது, சாய்வு வெறும் 6 பாகை. மட்டக்களப்பு இருக்கிறது 7.7 பாகை வடக்கில. அதால இது பூமியச் சுத்துற ஒவ்வொரு தரமும் நம்மட வானத்துக்குள்ள வரும், நாளைக்கு 13, 14 தரம், ஒவ்வொரு தரமும் 12 நிமிஷத்துக்குக் குறையாம. ஐரோப்பாவில இருக்கிறவன் என்ன விலை குடுத்தாலும் இது அவனுக்குக் கிடைக்காது, நமக்குச் சும்மா கிடைக்குது! எப்பவும் நம்மளுக்குத் தெற்கால்தான் போகும், அதால அன்டெனாவ மேற்கில பிடிச்சு, தெற்கப் பார்க்கக் கிறுக்கி, கிழக்கில கொண்டு போய் விடுறதுதான் வேலை. கடைசிப் பாதிதான் அருமை, ஏனெண்டா கிழக்கில நமக்குக் கடல், மரமும் இல்ல மாடிவீடும் இல்ல, சாட்டலைட் கடலுக்குள்ள இறங்குற வரைக்கும் கேக்கும், அந்த நேரம் அதுக்குக் கீழ இருக்கிறது முழுக்க இந்தோனேசியா.

ஒண்டு, இதின்ர வொய்ஸ் ரிப்பீட்டர், அதாவது நம்மட குரல வாங்கித் திருப்பிக் கீழ அனுப்புற கருவி, எப்பவும் ஓன்ல இருக்காது, ஷெட்யூல் போட்டுத்தான் போடுவாங்க. போக முதல் அது இண்டைக்கு வேலை செய்யுதா எண்டு பார்த்துப் போட்டுப் போங்க. எப்ப வரும், எந்தப் பக்கத்தால வரும் எண்டு சொல்ல போன்ல இலவசமாவே ஆப் இருக்கு, ஊரை மட்டக்களப்பு எண்டு போட்டா நேரம், திசை, உயரம் எல்லாம் காட்டும்.

கேக்கிறதில இருந்து தொடங்குங்க, இத நான் வற்புறுத்திச் சொல்றன். லப்டொப்பில பூட்டி ரேடியோ கேக்கிற ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள் ஒண்டு, லப்டொப் ஒண்டு, ரெண்டு துண்டு செப்புக் கம்பி. 435 மெகாஹேர்ட்ஸுக்குக் கம்பி ஒவ்வொண்டும் 16.5 சென்ரிமீட்டர், 145க்கு 49 சென்ரிமீட்டர், ரெண்டையும் வி மாதிரி 120 பாகையில விரிச்சு ஒண்ட கேபிளின்ர நடு வயரிலயும் மற்றத வெளி வலையிலயும் சோல்டர் பண்ணினாச் சரி. சர்வதேச விண்வெளி நிலையம் சில நாளில 145.800ல படம் அனுப்பும், அந்தச் சத்தத்த போனுக்குக் கிட்டப் பிடிச்சு ரோபோட்36 எண்ட ஆப்பத் திறந்து வச்சா படம் வரிவரியா இறங்கும். என்ட மாமிட மகள் ஏழாம் வகுப்பு, முத்தத்தில நிண்டு முதல் படம் இறங்கக்குள்ள மூச்சுக் கூட விடல்ல, பாதிப் படம்தான் வந்தது, அதையும் பிரிண்ட் எடுத்துக் கொப்பியில ஒட்டி வச்சிருக்கா.

கதைக்கிறதுக்கு வி காணாது, ஒரு பக்கமாக் குவிக்கிற யாகி அன்டெனா வேணும். ஹாட்வெயார் கடையில ஒரு இஞ்சி அகலமான இரும்பு மீட்டர் டேப்பும் அரை இஞ்சி எஸ்லோன் பைப்பும் வாங்குங்க. 145க்கு நாலு துண்டு வெட்டோணும்: பின்னுக்கு இருக்கிறது 105 சென்ரிமீட்டர், நடுவில 45 சென்ரிமீட்டரில ரெண்டு துண்டு, ரெண்டுக்கும் இடையில இரண்டரை சென்ரிமீட்டர் இடைவெளி, முன்னுக்கு 89 சென்ரிமீட்டர். பின்னதுக்கும் நடுவுக்கும் தூரம் 20, நடுவுக்கும் முன்னதுக்கும் 32. நடு ரெண்டு துண்டையும் இணைச்சு ஒரு 12 சென்ரிமீட்டர் கம்பிய யூ மாதிரி வளைச்சுப் போடோணும், அது இல்லாட்டி எஸ்டபிள்யூஆர், அதாவது அன்டெனா செட்டுக்குப் பொருந்துதா எண்டு காட்டுற அளவு, இறங்காது. டேப்பில இருக்கிற மஞ்சள் பெயின்ட நல்லாச் சுரண்டி உப்புத்தாளால தேச்சுப் போட்டு சோல்டர் பண்ணுங்க, பெயின்ட் மேல ஈயம் பிடிக்கவே பிடிக்காது, பிடிச்ச மாதிரி இருக்கும், கடற்கரைக்குக் கொண்டு போனதும் கழண்டு விழும். நான் ரெண்டு தரம் அப்படித் திரும்பி வந்திருக்கன். 435க்கு இதே அளவுகள மூண்டால பிரிச்சு, டேப்புக்குப் பதிலா வெல்டிங் கம்பியில செய்தா ஒரு ஆரம்ப அளவு வரும், மறுகா எஸ்டபிள்யூஆர் மீட்டரப் பார்த்துப் பார்த்து அரைவாசி அரைவாசி மில்லிமீட்டரா வெட்டிச் சரி பண்ணுங்க. ரெண்டையும் ஒரே பைப்பில குறுக்கா, ஒண்டு படுக்கையா ஒண்டு நட்டுக்கப் போடுங்க. வேலை முடிஞ்சு வீட்ட வந்ததும் நல்ல தண்ணியில கழுவித் துடைக்கோணும், உப்புக் காத்து டேப்ப ஒரு கிழமையில துருப்பிடிக்க வச்சிரும், கச்சான் காத்து காலத்தில மண்ணும் சேர்ந்து ஒட்டும்.

செட் ரெண்டு இருந்தா நல்லம், ஒண்டு அனுப்ப, ஒண்டு கேக்க. உங்கட குரல் திரும்பி வாறது உங்களுக்கே கேட்டாத்தான் மேல போய்ச் சேர்ந்ததா எண்டு தெரியும். அனுப்புறது 145.880, கேக்கிறது 435.880, அதோட செட்டில 88.5 ஹேர்ட்ஸ் டோன், அதாவது குரலோட சேர்ந்து போற தாழ்ந்த சத்தம், போடோணும். இந்த டோன் போடாட்டி சாட்டலைட் உங்களத் திரும்பியும் பாராது. நான் மூண்டு நாள் விடியவெள்ளண கடற்கரைக்குப் போய்க் கத்திப் போட்டு வந்தன், ஆரும் பதில் சொல்லல்ல, அன்டெனாதான் பிழை எண்டு அத முழுக்கக் கழட்டிப் பூட்டினன், கடைசியாப் பார்த்தா டோன் போடல்ல. அதால முதல்ல டோனப் பாருங்க, மறுகா மற்றதெல்லாம்.

ரயில் கிட்ட வரக்குள்ள ஹோன் சத்தம் கூர்மையாகி, தாண்டிப் போனதும் தடிக்கும் தானே, அதேதான் இங்கயும். 435ல சாட்டலைட் வரக்குள்ள 435.890ல கேக்கும், உச்சியில 435.880, போகக்குள்ள 435.870. அதால கேக்கிற செட்டில 890, 885, 880, 875, 870 எண்டு அஞ்சு மெமரி போட்டு வச்சு, குரல் கரகரக்கத் தொடங்கினதும் ஒரு படி கீழ இறக்குங்க. அனுப்புறத மாத்தத் தேவையில்ல.

நேரம் வந்ததும் மேற்குப் பக்கம், அதாவது வாவிப் பக்கம், அன்டெனாவ அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல பிடிச்சு இரைச்சல அடைக்கிற ஸ்குவெல்ச்ச முழுக்கத் திறந்து விடுங்க. முதல்ல வெறும் இரைச்சல். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், திடீரெண்டு இரைச்சல் மெலிஞ்சு உள்ளுக்குள்ள ஒரு குரல் எழும்பும். அந்த நேரம் மணிக்கட்டக் கிறுக்கிப் பாருங்க, அன்டெனாவச் சரிச்சாக் குரல் கூடும், மற்றப் பக்கம் சரிச்சா மங்கும், சாட்டலைட் மேல உருண்டு உருண்டு போறதால இதுக்குக் கணக்கில்ல, காதுதான் கணக்கு. ஆரும் கதைச்சு முடிச்ச இடைவெளியில உங்கட கோல்சைனையும் கிரிட்டையும் மட்டும் சொல்லுங்க, கிரிட் எண்டா உலகத்தச் சதுரம் சதுரமாப் பிரிச்சு வச்ச இடக்குறி. நம்மட கிரிட் என்ஜே07, மட்டக்களப்பில இருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும் இதுதான், பொத்துவில், அறுகம்பைக்குப் போனா என்ஜே06. இந்தச் சதுரங்களச் சேர்க்கிறதுக்கெண்டே உலகம் முழுக்க ஆக்கள் இருக்காங்க, கொழும்புப் பக்கம் எம்ஜே96, அங்க இருந்து வாறது அவங்களுக்குப் பழசு, நம்மட பக்கம் இருந்து வாறது குறைவு, அதால என்ஜே07 எண்டு கேட்டதும் நாலு பேர் ஒரேயடியாக் கூப்பிடுவாங்க, பதறாதீங்க, ஒரு கோல்சைனப் பிடிச்சு அவருக்கு மட்டும் பதில் சொல்லி, மறுகா அடுத்தது. எஃப்எம் சாட்டலைட்டில ஒரு நேரம் ஒருத்தர்தான் கதைக்கலாம், ஊர்ப்புதினம் கதைக்கிற இடம் இல்ல.

இது பழகினா எஸ்ஓ-50 இருக்கு, 2002ல போனது, அனுப்ப 145.850 டோன் 67, கேக்க 436.795. ரிப்பீட்டர் தூங்கினா 74.4 டோனோட ரெண்டு செக்கன் அமத்தினா 10 நிமிஷத்துக்கு எழும்பும். விண்வெளி நிலையத்து ரிப்பீட்டருக்கு அனுப்ப 145.990 டோன் 67, கேக்க 437.800.

இன்னும் தூரம் வேணுமெண்டா ஆர்எஸ்-44, 1500 கிலோமீட்டர் வரைக்கும் உயரப் போறதால 8000 கிலோமீட்டர் கிட்டத் தொடர்பு ஏலும், ஆனா அது எஃப்எம் இல்ல, எஸ்எஸ்பி எண்ட வேற முறை, அதுக்கு வேற செட் வேணும்.

அதையும் தாண்டி கியூஓ-100. 2018 நவம்பர்ல கட்டார்காரற்ற டிவி சாட்டலைட்டோட போனது, அசையாம ஒரே இடத்தில நிக்குது, பிரேசில்ல இருந்து தாய்லாந்து வரைக்கும் ஒரே வீச்சில. மட்டக்களப்பில இருந்து கிட்டத்தட்ட நேர் மேற்கு, 265 பாகை, உயரம் 26 பாகை. கேக்கிறதுக்குச் சாதாரண 60 சென்ரிமீட்டர் டிவி டிஷ் காணும். ரெண்டு விஷயம் நம்மட பக்கத்து ஆக்கள் கவனிக்கோணும். ஓஃப்செட் டிஷ் எண்டதால அது கிட்டத்தட்ட நட்டுக்கத்தான் நிக்கும், தரையப் பார்க்கிற மாதிரி இருக்கே எண்டு நிமித்தினா சிக்னல் போயிரும். மற்றது, சாட்டலைட் நம்மளுக்கு மேற்கில சரிஞ்சு நிக்கிறதால எல்என்பிய, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால இருக்கிற ரிசீவர, அதின்ர பிடியில கால் வட்டம் அளவுக்குக் கிறுக்கோணும், ஐரோப்பாக்காரர் எழுதி வச்ச மாதிரி நேரா வச்சா ஒண்டும் வராது, சிக்னலப் பார்த்துப் பார்த்து மெதுவாக் கிறுக்குங்க. கேக்கிறது 10489.5 மெகாஹேர்ட்ஸ் தொடக்கம், அனுப்புறது 2400. சாட்டலைட்டில இருந்து எப்பவும் வாற அடையாளச் சிக்னல், அதாவது பீக்கன், அதுக்கு மேல சத்தமா அனுப்பக் கூடாது, அது எல்லாருக்கும் கெடுதி. பூமிய விட்டு 36,000 கிலோமீட்டர் இடத்தில சாட்டலைட் ஒரே இடத்தில நிக்கும், அதால உலகத்துக்கே தொடர்பு குடுக்கலாம் எண்டு 1945ல எழுதின ஆர்தர் சி. கிளார்க், மறுகா நம்மட நாட்டிலதான் வந்து இருந்தார், அத நினைக்கக்குள்ள எனக்கு ஒரு நெருக்கம் வரும்.

இப்ப காசு. முதல் அமெச்சூர் சாட்டலைட் ஒஸ்கார்-1, 1961 டிசம்பர் 12 போனது, ரொக்கெட்டில பாரத்துக்கு வைக்கிற கட்டைக்குப் பதிலா அத வச்சு அனுப்பினாங்க, மூண்டு கிழமை ‘ஹாய்’ எண்டு மோர்ஸ் அடிச்சுது. இப்ப அப்படி இலவசமா ஏத்த ஆளில்ல. அமெச்சூர் சாட்டலைட் செய்து அனுப்புறதுக்கெண்டு 1969ல தொடங்கின அம்சாட் அமைப்பும் மற்ற நாட்டு அம்சாட்டுகளும் அங்கத்தவர் சந்தா, நன்கொடை, தொண்டு வேலை இதிலதான் ஓடுது. 2000ல போன ஏஓ-40ல எத்தின வருசத்துக் காசும் உழைப்பும் இருந்தது, ஒரு மாசத்தில உள்ளுக்குள்ள வெடிச்சு, 2004ல பற்றரியும் போய் முடிஞ்சுது. அந்தப் பக்கம் 1974ல போன ஏஓ-7, 1981ல பற்றரி ஷோர்ட்டாகிச் செத்துப் போய், 2002ல தானா எழும்பி, வெயில் படுற நேரம் மட்டும் வேலை செய்தது. எல்லாத்துக்கும் அப்படி ஆயுள் கிடைக்காது. நீங்க இண்டைக்குக் கதைக்கிற சாட்டலைட் எப்பவோ ஒருத்தர் சந்தாக் கட்டினதால மேல நிக்குது, அது விழ முதல் அடுத்தது போகோணும்.

அதுக்கு நம்ம செய்யக்கூடியது. தனியாக் கட்ட ஏலாட்டி அஞ்சாறு பேர் சேர்ந்து மாசம் ஒரு சின்னத் தொகை போடுங்க, வெளிநாட்டுக்குக் கட்டக்கூடிய காட் உள்ள ஒருத்தர் வருசத்துக்கு ஒருக்கா மொத்தமா அனுப்பட்டும், ரசீதக் கொப்பியில ஒட்டுங்க, ரூபாய் எவ்வளவு, அண்டைக்கு டொலர் எவ்வளவு எண்டும் எழுதுங்க, காசு விஷயத்தில சிநேகிதம் கெடக் கூடாது. வெளி ஆக்களிட்ட அம்சாட் பேர் சொல்லிக் காசு சேர்க்காதீங்க. பொத்தாம் பொதுவா அனுப்பாம எந்தத் திட்டத்துக்கு எண்டு குறிச்சு அனுப்புங்க. காசு இல்லாதவங்க டெலிமெட்ரி, அதாவது சாட்டலைட் தன்ட நிலைமையப் பற்றி அனுப்புற தகவல், பிடிச்சு அனுப்பலாம், சாட்டலைட் செய்தவங்களுக்கு அது பொன், பூமியின்ர இந்தப் பக்கத்தில கேக்கிற காது குறைவு. சட்நொக்ஸ் எண்டு எல்லாரும் சேர்ந்து நடத்துற நிலைய வலையமைப்பு இருக்கு, ராஸ்பெரி பை எண்ட சின்னக் கம்ப்யூட்டரும் டொங்கிளும் கூரையில ஒரு அன்டெனாவும் போதும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில பொறியியல் பீடம் இருக்கு, நம்மட நாட்டு எஞ்சினியர்மார் செய்த ராவணா-1 சாட்டலைட் 2019ல விண்வெளி நிலையத்தில இருந்து சுத்துப்பாதையில விடப்பட்டது, அதால அங்க ஒரு நிலையம் வைக்கச் சொல்லிக் கேக்கிறது பெரிய ஆசை இல்ல. அமெரிக்காவில அம்சாட்டின்ர ஃபொக்ஸ் சாட்டலைட்டுகள் போனதே பல்கலைக்கழகப் பரிசோதனையையும் சேர்த்து ஏத்திக் கொண்டு நாசாவின்ர கல்வித் திட்டத்திலதான்.

78 சூறாவளியில வீடு போனவங்களும் 2004ல நவலடியில ஆளையே இழந்தவங்களும் இருக்கிற ஊர் இது, சுனாமி நேரம் அம்பாந்தோட்டையில இருந்து கொழும்புக்குத் தகவல் போனது அமெச்சூர் ரேடியோவாலதான், அது எல்லாருக்கும் தெரியோணும்.

காசு போடுறதில நாங்க இப்ப மூண்டு பேர், கணக்குக் கொப்பி என்ட வீட்டில, ஞாயிற்றுக்கிழமை விடிய பாலத்தடியில சந்திச்சுக் கடற்கரைக்குப் போறம், லைசன்ஸ் இல்லாட்டியும் வாங்க, கேக்கிற செட்ட உங்கட கையில தாறன், அன்டெனாவ நீங்க பிடிங்க.