ஹபரணைக்குப் போறாக்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு

திருகோணமலையில இருந்து கந்தளாய் தாண்டி ஏ6 ரோட்டால போனா ஹபரணை வரும், எல்லாரும் அதில ஒரு டீயைக் குடிச்சிட்டு கொழும்புக்கோ பொலன்னறுவைக்கோ இழுத்துக்கொண்டு போயிடுவினம், ஆனா மின்னேரியா, கவுடுல்ல ரெண்டு யானைக் காட்டுக்கும் வாசல் அந்தச் சின்ன டவுன்தான். ஆகஸ்ட், செப்டெம்பர்ல மின்னேரியாக் குளம் வத்தேக்க யானையள் கூட்டம் கூட்டமா இறங்கும், அதுவும் பின்னேரம்தான், காலமை போய் காசைக் கரைக்காதீங்கோ. ஜீப் பேசேக்க பார்க் டிக்கெட்டும் சேர்த்தா இல்லாட்டி தனியவா எண்டு முதலே கேளுங்கோ, சண்டை வாறது அதிலதான்.

போற வழிக் காட்டில சவண்டலை மரம் கண்டா கொஞ்சம் நிண்டு பாருங்கோ. ஒரு காலத்தில திருகோணமலை மரம் எண்டு எங்கட ஊர்ப் பேரிலயே வெளிநாட்டு யாவாரத்தில ஓடின சாமான், மெட்ராஸ்ல கடல் அலைக்குள்ளால கப்பலுக்கும் கரைக்கும் ஓடின மசூலா படகு கட்டவும் இதைத்தான் எடுத்தவங்கள் (எங்கட ஆக்கள் கனபேருக்கே இது தெரியாது).

மோட்டார் சைக்கிள்ல திரும்புறாக்கள் பொழுதுபட முதல் கந்தளாய்க்கு வந்திடுங்கோ. இருட்டினா நடுரோட்டில யானை நிண்டாலும் தெரியாது, கண்டா ஹோர்ன் அடிக்கிற வேலையே வேண்டாம், தூரத்திலயே நிப்பாட்டி அது போகும்வரை நில்லுங்கோ.